நாலாவது உறை

பாட்டு வெளிவர இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. அதற்குள் மருந்துக் கடை வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவரின் சட்டைப் பைக்குள் அது ஒலித்தது.

அவர் போனை எடுத்து, "வந்துட்டே இருக்கேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வைத்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முழுதாக முடிந்த அந்தப் பாட்டை இதுவரை அவளையும் சேர்த்து ஐந்து பேர்தான் கேட்டிருக்க முடியும். சட்டைப் பைக்காரர் அந்த ஐந்தில் ஒருவர் இல்லை.

"இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படிங்க கிடைச்சுது?"

"நெட்லதான். எல்லாரும் வெச்சிருக்காங்களே. உங்களுக்கும் வேணுமா? அனுப்பி விடறேன்" என்றார் அவர். நல்ல மனிதர். திருட்டுப் பொருளை இவ்வளவு தாராளமாக யாரும் நீட்டி அவள் பார்த்ததில்லை.

மருந்து வாங்காமலே ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் திரும்பினாள்.

பாடினவர் குரலையும் வாசித்தவர்கள் வாசிப்பையும் ஒன்றாகக் கலந்து, எது முன்னே வரவேண்டும், எது அடக்கமாகப் பின்னே நிற்கவேண்டும் என்று முடிவு செய்கிற மிக்ஸிங் வேலை அவளுடையது. கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது. இசையமைப்பாளர் வைத்த பெயர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பக்கத்து அறை ஏசியின் இரைச்சல் கொஞ்சம் மாறினால் கூட எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? வெளியே சிணுங்கினாலும் உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான். தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலான பெருமை என்றும் சொல்லலாம்.

வேலையில் அவளுக்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. லட்சணமான பெரிய ஸ்பீக்கரில் எந்தப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். ஓட்டை ஸ்பீக்கரில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பாள். அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஆயிரம் பேர் கிளட்சை மிதித்து நொறுக்கிய அவருடைய பழைய காரில், ஒரு பக்கம் மட்டும் கரகரக்கிற ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு, அதிலும் தேறினால்தான் ஒரு பாட்டு முடிந்தது என்று ஒப்புக்கொள்வாள்.

இன்னொரு பிடிவாதம் போன வருஷம் வந்தது. அப்போதும் ஒரு பாட்டு முன்கூட்டியே வெளியே போனது. யார் வேலை என்று கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு, வெளியிடும் முன் கேட்டுப் பார்க்க நாலு பேருக்கு முன்பிரதி கொடுக்கும்போதெல்லாம் அவள் ரகசியமாக ஓர் அடையாளம் வைத்தாள். இரண்டாவது சரணம் முடிந்து புல்லாங்குழல் தொடங்குவதற்கு முன்னால் மூச்சு விடுகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அதில் பென்சிலால் மேஜையைத் தட்டின சத்தம், மிக மெல்லிசாக. மாஸ்டருக்குப் போகும் பிரதியில் ஒரு தட்டு. பாடகிக்கு இரண்டு. பாட்டை வெளியிடும் கம்பெனிக்கு மூன்று. கீபோர்டு வாசிப்பவருக்கு நான்கு. ஒவ்வொன்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, காகித உறையில் வைத்து ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். உறை பழைய வழக்கம், எல்லோருக்கும் தெரியும். தட்டு அவளுக்கு மட்டும் தெரியும்.

கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள். நெட்டில் அதன் முதல் வரியைப் பெயராக வைத்து யாரோ போட்டிருந்த பாட்டை இறக்கிக் கேட்டாள். சரணம் முடிந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. அதோடு நின்றுவிடாதா என்று மனசு கெஞ்சியது. நான்கு.

நான்கு என்றால் பத்துவிரல்.

கீபோர்டுக்காரருக்கு அந்தப் பெயர் ஏன் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், எல்லோருக்கும் பத்துதானே என்று. அவர் வாசிப்பதை ஒரு முறை பார்த்த பிறகு கேட்க மாட்டார்கள். நாற்பது தாண்டியவர், இரண்டு பெண்களின் அப்பா. அவளைவிட ஒரு வயது இளையவர் என்பதற்காகப் பதினோரு வருஷமாக அவளை அக்கா என்று கூப்பிடுகிறவர். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாலு நாள் வாசலில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

அவராக இருக்காது என்று பத்து நிமிஷம் நினைத்தாள். பிறகு ஏன் இருக்கக் கூடாது என்று தோன்ற ஆரம்பித்தது. அந்தக் கேள்வி உள்ளே நுழைந்துவிட்டால் அப்புறம் வெளியே போகாது. போன வாரம் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்ப் பேசினாரே, உள்ளே பேசக் கூடாத பேச்சு என்ன? உறையைக் கொடுத்தபோது ஒரு நன்றிகூடச் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டாரே, அவ்வளவு அவசரமா? நேற்றைக்கு அவள் உள்ளே வந்ததும் லேப்டாப்பை மூடினாரே? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். பதினோரு வருஷமாக அவர் செய்துவந்த சாதாரணக் காரியங்கள் எல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் மஞ்சளாகிவிட்டன.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. கணவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரமா நெட் ஆமை மாதிரி நகருது. எனக்கு என்னமோ மாடி வீட்டு மேலதான் சந்தேகம். அந்த நர்ஸம்மா நம்ம வைஃபையைத் தின்னுட்டு இருக்காங்க."

"அவங்களுக்கு நம்ம பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?"

"அதான் எனக்கும் தெரியல. ஆனா மாடிப்படியில பாக்கறப்போ ஒரு மாதிரி சிரிக்கறாங்க."

சாதாரண நாளாக இருந்தால் இதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்கு, "இருக்கும். யாரையும் நம்பறதுக்கில்ல" என்றாள்.

மறுநாள் காலை மாஸ்டரின் அறையில் மாஸ்டர், கம்பெனியின் வக்கீலம்மா, அவள், பத்துவிரல் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அவள் தட்டு விஷயத்தைச் சொன்னாள். பாட்டைப் போட்டுக் காட்டினாள். சத்தத்தைப் பல மடங்கு கூட்டின பிறகுதான் மற்றவர்கள் காதில் விழுந்தது. மாஸ்டர் அவளை அதிசயமாகப் பார்த்தார். அந்தப் பார்வை அந்த நேரத்திலும் அவளுக்குப் பிடித்திருந்தது.

பத்துவிரல் முதலில் புரியாமல் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நான் இன்னும் அந்த உறையைப் பிரிக்கவே இல்லக்கா."

"பிரிச்சிட்டு ஒட்டத் தெரியாதவங்களா இருக்காங்க?" என்றாள் அவள்.

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயே திறக்கவில்லை. மாஸ்டர் இரண்டு முறை, வக்கீலம்மா ஒரு முறை கேட்டும் பதில் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

வக்கீலம்மா பேனாவைத் திறந்தார். குரலை உயர்த்தாமல், நிதானமாகப் பேசுகிறவர்.

"உங்க வாக்குமூலம்தான் முக்கியம். தட்டு வெச்சது நீங்க, கண்டுபிடிச்சது நீங்க. வெள்ளிக்கிழமை என் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டா நோட்டீஸ் போயிடும். அன்னிக்கே அவரையும் வரச் சொல்றேன்."

"நோட்டீஸ் போனா என்ன ஆகும்?"

"வழக்கு வரும். அது ஒரு பக்கம். இந்தத் தொழில்ல அதுக்கப்புறம் அவரை யாரு கூப்பிடுவாங்க? அதை நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். பாட்டைக் கசியவிட்டவன் என்று ஒரு தடவை பெயர் வந்தால் எந்தக் கூடத்துக் கதவும் திறக்காது. ஆனாலும் ஏமாந்தவளின் கோபம் பெரிதாக இருந்தது.

"நாளைக்கு அவர், தெரியாமப் பண்ணிட்டேன், யாரோ எடுத்துட்டாங்கன்னு சொன்னா விட்டுருவீங்களா?"

"விட மாட்டோம். அடுத்தவங்க எடுத்துக்கற மாதிரி ஒரு பாட்டைத் திறந்து வெச்சாலே அது தப்புன்னுதான் நாங்க வாதாடுவோம். கையால எடுத்துக் கொடுத்தாங்களா, கதவைத் திறந்து போட்டாங்களாங்கறது ரெண்டாம் பட்சம்."

"அப்ப அதையும் எழுதிக்குங்க. தெரியாம நடந்ததுன்னு சொல்றதை ஏத்துக்கக் கூடாதுன்னு."

வக்கீலம்மா அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் அவள் கூடத்தில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கீபோர்டு துணி போர்த்திக் கிடந்தது. பாடகி வந்து, "அவரா? இருக்காதே" என்றாள். இவளுக்கும் பங்கு இருக்குமோ என்று பாடகி மேலும் ஒரு கண் வைத்தாள். காபி கொண்டுவருகிறவர் கதவைத் தட்டின சத்தத்தைக்கூட எத்தனை தட்டு என்று எண்ணினாள். சந்தேகப்படுவது இவ்வளவு உழைப்பு கேட்கிற வேலை என்று அவளுக்கு முன்பு தெரியாது.

வீட்டில் கணவர் இதற்குள் பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றியிருந்தார். இரண்டாவது முறை வைத்ததை அவரே மறந்து, ஒரு நாள் முழுக்க நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் முறை மாற்றியும் ஆமை ஆமையாகவே இருந்தது. போதாததற்கு மாடி வீட்டு நர்ஸ் படியிறங்கி வந்து, "உங்க வீட்டுல நெட் சரியில்லையா சார்? எங்களுக்கு நல்லாத்தான் வருது. வேணும்னா எங்களோடதை யூஸ் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கணவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வக்கீல் ஆபீசுக்குப் போக அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நெட் கம்பெனி ஆள் வந்திருந்தார். கம்ப்யூட்டரில் எதையோ திறந்து பார்த்தவர் தலையைச் சொறிந்தார்.

"சார், உள்ள வர்றதுல குறையே இல்ல. உங்க வீட்டுலேர்ந்து வெளிய போறதுதான் நிக்க மாட்டேங்குது."

"வெளிய என்ன போகுது?"

"இந்தப் பாட்டு எடுக்கற சாஃப்ட்வேரை யாரு போட்டது?"

"நான்தான். பழைய பாட்டு எல்லாம் அதுல கிடைக்கும்னு சொன்னாங்க. கார்ல போட."

"அதுல எடுக்கணும்னா நம்மளும் கொடுக்கணும் சார். போடறப்பவே எந்த ஃபோல்டரைத் திறந்து விடட்டும்னு கேட்டிருக்கும்."

"என்னென்னமோ கேட்டுச்சு. எல்லாத்துக்கும் ஓகே ஓகேன்னு அமுக்கிட்டுப் போனேன்."

"அதான். இந்தாங்க, பாட்டுன்னு ஒரு ஃபோல்டர். இந்த நிமிஷம் நாப்பத்தோரு பேர் எடுத்துட்டு இருக்காங்க. அதுலயும் எல்லாரும் ஒரே பாட்டைத்தான்."

அவள் வாசலிலிருந்து திரும்பி வந்தாள். திரையில் நாற்பத்தோரு வரி. எல்லாவற்றிலும் ஒரே பெயர். 'கார் டெஸ்ட்'. அவள் கொடுத்த பெயர்.

காரில் போட்டுக் கேட்பதற்காக அவள்தான் அதை இந்தக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தாள். காருக்கான பென் டிரைவை எப்போதும் இந்த ஃபோல்டரிலிருந்துதான் நிரப்புவார்கள். அன்றைக்கு நாலு பிரதியையும் வரிசையாகச் செய்து முடித்தபோது கடைசியாகக் கையில் இருந்தது நாலாவது. எதில் கேட்டால் என்ன என்று அதையே தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள். தான் எடுத்ததை ஒரு பிரதி என்று அவள் எண்ணவே இல்லை. மற்றவர்களுக்குக் கொடுத்தால்தான் பிரதி. தன் கையில் இருப்பது வேலை. அப்படித்தான் பதினோரு வருஷமாக நினைத்து வந்திருக்கிறாள்.

ஆள் போனதும் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கேட்டாள். நான்கு.

அவள் சொன்னதைக் கேட்டுக் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் அழிச்சிட்டேன். சாஃப்ட்வேரையும் எடுத்துட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, "யாருக்குத் தெரியும்? இங்க இருந்ததும் நாலு தட்டுப் பிரதிதான்னு நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். அவளும் பயந்துதான் போயிருந்தாள். "ஏதாவது சொல்லணும்னா நான்தான் பண்ணேன்னு சொல்லிடு" என்றும் அவரே சொன்னார். அவள் பையை மறுபடி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

பஸ்ஸில் ஏழு நிறுத்தம். முதல் மூன்று நிறுத்தம் வரைக்கும் அவள் அப்படியே கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தாள். கோர்ட்டில் நிற்பதை நினைத்தால் பயமாக இருந்தது. அதைவிட, பாம்புக்காது என்று இனி யார் கூப்பிடுவார்கள் என்று நினைத்தால் அழுகை வந்தது. இந்த நேரத்தில் போய் இதற்கு அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. நாலாவது நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் ஏறினார்கள். அக்காவும் தங்கையும் போல. ஒரே ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு எதையோ கேட்டுத் தலையாட்டினார்கள். பத்துவிரலின் பெண்களுக்கும் ஏறக்குறைய இதே வயதுதான். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

வக்கீலம்மாவின் ஆபீசில் மாஸ்டர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் பத்துவிரல், பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்ததற்குத் திரும்பவில்லை.

வக்கீலம்மா காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"பேர் தப்பா இருக்கு" என்றாள் அவள்.

"எந்தப் பேரு?"

"இவர் பேரு. அங்க என் பேர் இருக்கணும்."

எல்லாவற்றையும் சொன்னாள். கார், ஃபோல்டர், நாலாவது பிரதி, நாற்பத்தோரு பேர். கணவர் ஓகே அமுக்கினதைச் சொல்லும்போது மட்டும், "அவர் திறந்து வெச்சது வெறும் ஃபோல்டர். அதுக்குள்ள பாட்டை வெச்சது நான்" என்றாள். மாஸ்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். முதுகைப் பார்த்தாலே கோபம் தெரிந்தது.

வக்கீலம்மா பேனாவால் காகிதத்தில் ஓர் இடத்தைத் தொட்டார்.

"தெரியாம நடந்ததுன்னு சொல்றதை ஏத்துக்கக் கூடாதுங்கற வரி. நீங்க சொல்லித்தான் எழுதினேன். இப்ப எடுத்துடவா?"

எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. தவளை தன் வாயால் கெடும் என்று சின்ன வயசில் படித்ததெல்லாம் இதற்குத்தான் போலிருக்கிறது.

"இருக்கட்டும். அவருக்குன்னா இருக்கணும்னு சொன்னவ நான்தானே."

அவர் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் பத்துவிரலின் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் பையைத் திறந்து ஓர் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அவள் கொடுத்த உறை. ஒட்டின இடத்தின் மேல் அவள் கையெழுத்து. கோணல் மாணலான அந்த நீல மை ஓர் இழைகூட நகரவில்லை. அதைப் பிரித்து ஒட்டியிருக்கவே முடியாது. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

"அன்னிக்கும் இது பையிலதான் இருந்துதா?"

"ஆமா."

"காட்டியிருக்கலாமே."

"காட்டத்தான் இருந்தேன். அதுக்குள்ள ஒட்டியிருப்பேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் எதைக் காட்டறது?"

அவள் தன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "ஏன் பிரிக்கவே இல்ல? கேட்டுப் பாத்து ஏதாவது சரியில்லைன்னா சொல்லத்தானே கொடுக்கறது?"

அவர் அந்தக் கேள்வியே புரியாதவர் போல் அவளைப் பார்த்தார்.

"நீங்க பண்ணதை நான் என்னக்கா சரி பாக்கறது? பதினோரு வருஷத்துல ஒரு உறையைக்கூட நான் பிரிச்சதில்ல. பாட்டு வெளிய வந்தப்புறம் பிள்ளைங்களோட உக்காந்து கேப்பேன். அவ்வளவுதான்."

மாஸ்டர் ஜன்னலிலிருந்து திரும்பி வந்து, அவர் தோளில் கை வைத்து, "திங்கக்கிழமை புதுப் பாட்டு ஆரம்பிக்கறோம். வந்துடுப்பா" என்றார். அவளையும் ஒரு முறை பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாக, "வழக்கு வழியில வழக்கு போகட்டும். மிக்ஸ் பண்ண எனக்கு வேற காது இல்ல" என்றார்.

பத்துவிரல் எழுந்தார். மேஜைமேல் கிடந்த உறையைக் கையில் எடுத்தார். அவளுடைய கையெழுத்துக்கு நடுவில் விரலை விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகக் கிழித்தார். உள்ளே இருந்த பென் டிரைவை உள்ளங்கையில் தட்டிக்கொண்டார்.

"வர்றேன் மாஸ்டர். ஆனா இனிமே இவங்க மிக்ஸ் பண்ணதும் எனக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டணும். நானும் கேட்டுச் சரி பாத்துடறேன்."